வண்டியைப் பார்ப்பது ஓட்டுகிறவர் வேலை

2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காரின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் ஆழமான பள்ளத்தில் பாய்ந்ததில் உள்ளே இருந்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்துக்கு ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் சொன்னபோது இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. டயர் வெடித்தது தெய்வச் செயல், அதற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது என்பது அது வைத்த வாதங்களில் ஒன்று. 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. வேகம், காற்று கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது, பழைய டயர், வெப்பம் என்று டயர் வெடிக்கக் காரணங்கள் இருக்கின்றன, புறப்படும் முன் டயர் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுகிறவரோ உரிமையாளரோ பார்த்திருக்க வேண்டும், ஆகவே இது மனிதக் கவனக்குறைவே என்றது தீர்ப்பு. பணம் கொடுக்க வேண்டிய நிறுவனம் அப்படி வாதாடியதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு பைசா கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத நாமும் அதே வாதத்தைத்தான் நாள்தோறும் நம்பிக்கொண்டிருக்கிறோம். எதிர்பாராதவிதமாக டயர் வெடித்ததில் கட்டுப்பாட்டை இழந்த கார் தடுப்புச் சுவரில் மோதியது என்று செய்தி வருகிறது. உச்சுக்கொட்டுகிறோம், அவர்களுடைய நேரம் என்கிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

விதியைச் சொல்லக் கூச்சப்படும் படித்தவர்களிடம் இதே நம்பிக்கை இன்னும் மரியாதையான உருவத்தில் இருக்கிறது. ஓட்டுவது என் வேலை, வண்டியைப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை என்பார்கள். வருடம் தவறாமல் கம்பெனி சர்வீஸ் விடுகிறேன், காரில் சென்சார் இருக்கிறது, ஏதாவது கோளாறு என்றால் விளக்கு எரியும், அதற்கு மேல் நான் எதற்குக் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், விபத்துகளில் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் தவறால் வருவதே ஒழிய வண்டிக் கோளாறால் அல்ல என்று புள்ளிவிவரமும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று தூண்களில் ஒன்றும் நிற்காது. வண்டியின் அடிப்படைப் பாதுகாப்பை அடிக்கடி பார்த்துக்கொள்வதற்கு ஓட்டுகிறவரை விட்டால் நம் நாட்டில் வேறு ஆளே இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, காரின் இயற்பியலும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்தான குறையோடு பொதுச் சாலையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. குறை இருப்பது தெரிந்தே ஓட்டினால்தான் குற்றம் என்று அது நின்றுவிடவில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய குறையாக இருந்தாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 1,500 ரூபாய் அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரின் டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் தனியாகவும் சொல்கின்றன. மெக்கானிக் சொல்லவில்லை, சர்வீஸ் சென்டரில் சொல்லவில்லை என்ற பதிலுக்கு 190-ஆவது பிரிவில் இடமே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்பது ஒன்றே அது கேட்கும் கேள்வி.

ஏன் இப்படி ஓட்டுகிறவர் தலையில் கட்டுகிறார்கள் என்று கேட்கலாம். கட்டுவதற்கு வேறு தலை இல்லை என்பதுதான் பதில். வாடகைக் காரும் லாரியும் பஸ்ஸும் முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கார் பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு அந்தச் சோதனைக்கே போக வேண்டியதில்லை. நடுவில் வரும் ஒரே கட்டாயச் சோதனை புகைச் சான்று. அது குழாயில் வரும் வாயுவை அளக்கும். பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. பிரிட்டனில் கார் மூன்று வயதைத் தாண்டியதும் வருடா வருடம் பாதுகாப்புச் சோதனை. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. நம் ஊரிலோ, ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்பு போகும் வரைக்கும் அந்த வீட்டுக் காரின் பிரேக்கை அரசு சார்பில் ஒருவரும் தொட்டுப் பார்க்காமலே இருக்கலாம். இப்படிப்பட்ட நாட்டில் அது என் வேலை இல்லை என்று ஓட்டுகிறவரும் சொல்லிவிட்டால் அந்த வேலை நடக்காது, அவ்வளவுதான்.

சர்வீஸ் விடுகிறோமே என்ற பதிலுக்கு வருவோம். சர்வீஸ் தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சர்வீஸ் என்பது அந்த ஒரு நாளின் நிலை. பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இடைவெளி வைத்திருக்கிறார்கள். எந்தப் பழுதும் இல்லாத நல்ல டயரிலிருந்தே மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ காற்று தானாகக் கசியும். 33 பிஎஸ்ஐ வைத்து சர்வீஸ் சென்டரிலிருந்து வெளியே வந்த கார், நடுவில் யாரும் கவனிக்காவிட்டால், அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது 21, 22-இல் நிற்கும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை சரியாக இருக்கும். டயர் மூன்றில் ஒரு பங்கு காற்றை இழந்திருக்கும். ஆணி குத்துவதும் பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கவாட்டு நைந்துபோவதும் எலி ஒயரைக் கடிப்பதும் சர்வீஸ் தேதியைப் பார்த்து நடப்பதில்லை. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் அந்தச் சோதனையில் முதல் முறை தேறாமல் போகும் கார்கள் கால் பங்குக்கும் மேல். நல்ல சாலை, ஒழுங்கான சர்வீஸ், வருடம் தவறாத சோதனை எல்லாம் உள்ள நாட்டின் நிலை இது. அங்கே கார்கள் தோற்கும் காரணங்களில் முன்வரிசையில் இருப்பவை விளக்குகள், டயர்கள், பிரேக்குகள், சஸ்பென்ஷன். இவற்றில் பாதியை, சோதனைக்குப் போகும் முன் உரிமையாளரே வாசலில் நின்று கண்டுபிடித்திருக்கலாம்.

அடுத்தது சென்சார். டயர் காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் கருவி இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம் இல்லை. அந்தக் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-இல் மத்திய அரசு அனுமதித்தது, அவ்வளவே. உங்கள் காரில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விளக்கு எப்போது எரிய வேண்டும்? அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிய விதி, பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்கிறது. 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு இறங்கும்போதுதான் அந்த மஞ்சள் விளக்குக்கு வேலை வருகிறது. 26-இல் அது பேசாமல் இருக்கும். அதே அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விபத்துகளை ஆராய்ந்தபோது, காற்று 25 சதவீதத்துக்கு மேல் குறைந்த டயர்களோடு ஓடும் வண்டிகள் டயர்க் கோளாறு சார்ந்த விபத்தில் சிக்கும் வாய்ப்பு, சரியான காற்றோடு ஓடும் வண்டிகளைப்போல மூன்று மடங்கு என்று கண்டது. விளக்கு எரிவது என்பது ஆபத்தின் வாசலுக்கு நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்ற தகவல். டயர் பட்டன் தேய்ந்ததையோ, பக்கவாட்டில் வீக்கம் கண்டதையோ, வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்ததையோ சொல்வதற்கு டேஷ்போர்டில் விளக்கே கிடையாது.

எச்சரிக்கைக் கருவியிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சீட் பெல்ட்டே சாட்சி. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் முன் இருக்கைகளுக்கு சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி கட்டாயம். அந்த ஒலியை அடக்குவதற்கென்றே பெல்ட் மாட்டும் பூட்டில் செருகும் போலிக் கொக்கி சந்தைக்கு வந்தது. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கச் செய்த விற்பனைப் பதிவுகள் மட்டும் 13,118. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஒலி எழுப்புவதோடு கருவியின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மனிதர் இறங்கி வர வேண்டும்.

காற்றுக் குறைவு என்பது மைலேஜ் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2000-ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேல்பட்டை ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் உருண்டன. அமெரிக்காவில் மட்டும் 271 சாவுகள் இதோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டன. சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயர் தயாரிப்பிலேயே கோளாறு இருந்தது, அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோளாறு எங்கே, எப்போது உயிரைக் குடித்தது என்று பாருங்கள். டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில், பாரம் ஏற்றிய வண்டிகளில், நெடுஞ்சாலை வேகத்தில். டயர் நிறுவனம் 30 பிஎஸ்ஐ என்றது, கார் நிறுவனம் 26 போதும் என்றிருந்தது. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலே சூடாக மாறி, ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. வெயில், பாரம், வேகம், காற்றுக் குறைவு என்ற இந்த நான்கும் ஒன்றுசேர நாம் அரிசோனா போக வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, மேலே கேரியரில் மூட்டை கட்டி, உளுந்தூர்பேட்டையையோ கரூரையோ நண்பகலில் கடக்கும் எந்த வண்டியிலும் நான்கும் கூடி நிற்கின்றன. நான்கில் வெயில் நம் கையில் இல்லை. பாரத்தைக் குறைக்க உறவுகள் விடாது. காற்றைச் சரிபார்க்க யார் அனுமதியும் வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் கணக்கு வேறு வழியில் வந்து அதே இடத்தில் நிற்கிறது. தேங்கிய நீரின்மேல் வேகமாகப் போகும்போது டயர் தரையைத் தொடாமல் தண்ணீரின்மேல் ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். இந்த வழுக்கல் எந்த வேகத்தில் தொடங்கும் என்பதை 1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். மிச்சமிருக்கும் பட்டனைவிடத் தண்ணீர் ஆழமாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும். 33 பிஎஸ்ஐ உள்ள டயருக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர். 24 பிஎஸ்ஐ என்றால் சுமார் 82. நால்வழிச் சாலையில் காருக்கு அன்றாட வேகம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஒரே வளைவில் ஒரே வேகத்தில் போகும் இரண்டு கார்களில் ஒன்று திரும்பிப் போய்விடுவதற்கும் மற்றொன்று தடுப்பில் ஏறுவதற்கும் வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் இருக்காது. பட்டன் மிச்சம் இருந்தால் அதன் பள்ளங்கள் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளும். மொட்டை டயருக்கு அந்த வழியும் இல்லை.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை ஆயிரக்கணக்கான விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்த தேசிய ஆய்வில், 94 சதவீதத்தில் முக்கியக் காரணம் ஓட்டுநரிடம் இருந்தது. வண்டியிடம் இருந்தது 2 சதவீதம் மட்டுமே. இந்தியாவிலும் 2022-இன் 1,68,491 சாலைச் சாவுகளில் 71.2 சதவீதத்தை அதிவேகம் என்ற தலைப்பின்கீழ்தான் அமைச்சகம் வைத்திருக்கிறது. அப்படியிருக்க இரண்டு சதவீதத்துக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அந்த எண் அவர்கள் நினைப்பதைச் சொல்லவில்லை. அமெரிக்க ஆய்வு எடுத்துக்கொண்டது, விபத்துக்கு முந்தைய சங்கிலியில் கடைசிக் கண்ணியை மட்டும். விபத்துக்கு இதுவே காரணம் என்றோ, பழி இவர்மேல் என்றோ இதைக் கொள்ளக் கூடாது என்று அந்த ஆய்வறிக்கையே எச்சரிக்கிறது. முன்னால் போன லாரி திடீரென்று நின்றது, பின்னால் வந்த காரின் ஓட்டுநர் தாமதமாக பிரேக் அடித்தார் என்றால் அது ஓட்டுநர் கணக்கில் ஏறும். லாரியின் பிரேக் விளக்கு எரியாததும் காரின் கண்ணாடி எண்ணெய்ப் படலத்தில் மங்கியிருந்ததும் டயர் மொட்டையானதால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் பிடித்ததும் சங்கிலியின் முந்தைய கண்ணிகளாக மறைந்துபோகும். நம் ஊர்க் காவல் நிலையத்தில் எழுதும் முதல் தகவல் அறிக்கையில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் என்ற இரண்டு சொற்கள் எழுதி முடித்த பிறகு, டயரின் பள்ளத்தை அளந்து பார்க்க யாருக்கும் காரணம் இருப்பதில்லை. அளக்காத ஒன்று எண்ணிக்கையில் வராது. எண்ணிக்கையில் வராததால் இல்லை என்று ஆகிவிடாது.

அது மட்டுமல்ல. வண்டியைப் பார்க்காமல் எடுத்ததும் ஓட்டுநர் தவறுதானே? 94-ஐ ஒரு பக்கமும் 2-ஐ மறுபக்கமும் வைத்து எதிரெதிராக நிறுத்துவதே பிழை. ஓட்டுநர் எல்லா நேரமும் உச்சக் கவனத்தோடு இருக்க மாட்டார், எப்போதாவது தவறுவார் என்பது நமக்குத் தெரியும். தவறிய அந்தக் கணத்தில் வண்டி கொடுக்கும் சில மீட்டர் அவகாசம்தான் அவரைக் காப்பாற்றுகிறது. நல்ல டயரும் நல்ல பிரேக்கும் ஓட்டுநரின் பிழைக்காக வைத்திருக்கும் கையிருப்பு. ஓட்டுநர் பிழை அதிகம் என்று சொல்பவர்கள் அந்தக் கையிருப்பைப் பெருக்கத்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு எதுவும் தெரியாது, அரைகுறை அறிவு ஆபத்து, இன்றைய கார் முழுக்கக் கம்ப்யூட்டர் என்று சொல்பவர்கள் பார்ப்பதையும் பழுது பார்ப்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். யாரையும் பிரேக்கைக் கழற்றச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாமல் இருக்கும்போது, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் முன்சக்கரத்தின் உட்பக்க விளிம்பு வெளியே தெரியும். நேராக நிற்கும்போது தெரியாத தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெளிப்பக்கம் புதிது போலவும் உட்பக்கம் கம்பி தெரியும் அளவிலும் இருக்கிற டயர்கள் உண்டு. பட்டன் பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர் எல்லை வந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையைப் பக்கவாட்டில் வைத்துத் தடவினால் வீக்கம் தட்டுப்படும். உள்ளே நூலடுக்கு அறுந்து காற்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் இடம் அது. டயரின்மேல் பொறித்திருக்கும் நீண்ட எழுத்துத் தொடரின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாமல் நிழலில் நின்ற காரின் டயரும் வயதாகி வெடிப்புவிடும். நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்து இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

மற்றவை இன்னும் சுருக்கம். இரவில் சுவரை ஒட்டிப் பின்னால் நிறுத்தி பிரேக்கை மிதித்தால் இரு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியிலேயே தெரியும், துணைக்கு ஆள் வேண்டாம். எஞ்சினை அணைத்து பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கி நிற்க வேண்டும். நிற்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. பிரேக் ஆயில் குப்பி வெளியிலிருந்தே மட்டம் தெரியும்படி இருக்கிறது, மூடியைத் திறக்கத் தேவையில்லை. மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. குறைந்ததற்கு பேட் தேய்ந்ததோ கசிவோ காரணமாக இருக்கும், அதை மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிக்கும் வெப்பநிலை வெகுவாக இறங்கும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பெடல் தரையைத் தொடும்போதுதான் தெரியவரும்.

பங்கில் காற்றுப் பிடிக்கும் மீட்டரை நம்ப முடியாது என்கிறார்கள். உண்மை. எந்த வண்டி வந்தாலும் 35 வைக்கும் பையன்களும் உண்டு. அதற்காகத்தான் சில நூறு ரூபாயில் கிடைக்கும் சொந்த மீட்டர் ஒன்று காரில் இருக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கிறது, முழுப் பாரத்துக்கு வேறு எண்ணும் இருக்கும். டயரின்மேல் பொறித்திருப்பது அதிகபட்ச அளவு, அதை வைக்கக் கூடாது. நைட்ரஜன் பிடித்தால் பார்க்கவே வேண்டாம் என்பதும் நிற்காத பேச்சு. சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆணி குத்திய ஓட்டை எந்த வாயுவையும் வெளியே விடும்.

இதெல்லாம் பழியைத் தனிமனிதர்மேல் போட்டு அரசையும் கம்பெனிகளையும் தப்பவிடும் பேச்சு என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாலைப் பள்ளம் டயரைக் கிழிக்கிறது, 15 ஆண்டு சோதனையே இல்லாமல் விட்டது அரசின் குறை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சொந்தக் கார்களுக்கும் சோதனை வேண்டும் என்று கேட்கத்தான் வேண்டும். பிரிட்டனில் 2003 முதல் லைசென்ஸ் தேர்விலேயே டயரை எப்படிப் பார்ப்பீர்கள், பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படி அறிவீர்கள் என்று கேட்கிறார்கள். நாம் எச் போட்டுக் காட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்; அதையும் மாற்றச் சொல்லலாம். ஆனால் அந்தச் சட்டம் வரும் வரை ஓடப்போகும் கார்களுக்கு யார் பொறுப்பு? 2022-இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். காருக்குள் இருப்பவருக்குக் காற்றுப்பையும் பெல்ட்டும் இரும்புக் கூடும் இருக்கின்றன. கார் நிற்காமல் போனால் முதலில் அடிபடுகிறவர் பெரும்பாலும் இவை எதுவும் இல்லாதவர். அவரிடம் போய், அரசு சோதனை வைக்கவில்லை, அதனால் நானும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

உரிமையாளர் ஒருவர், ஓட்டுகிறவர் வேறொருவர் என்ற வீடுகளில் இந்தப் பொறுப்பு இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. ஆக்டிங் டிரைவர் காலை ஐந்து மணிக்கு வருகிறார், சாவி கொடுக்கப்படுகிறது, ஐந்து ஐந்துக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து டயரில் கை வைக்கும் டிரைவரை நேரம் கடத்துகிறார் என்று முகம் சுளிக்கிற வீடுகளும் உண்டு. லாரித் தொழிலில் டீக்கடையில் நிறுத்தியதும் கிளீனர் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவார்; இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கும் டயர் காற்று இறங்கியிருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அந்தத் தட்டலைத் தாமதம் என்று எந்த லாரி முதலாளியும் சொல்வதில்லை. ஆயுதபூஜை அன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் நாம் சக்கரத்துக்கு மிக அருகில் குனிவது அன்றைக்குத்தான். வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே இருக்கும் நேரம் அது. பழம் வைக்கும் கை அப்படியே பட்டனையும் தடவிப் பார்த்தால், வைப்பர் ரப்பரை ஒருமுறை தூக்கிப் பார்த்தால், அந்த வழிபாட்டுக்கு ஒரு குறையும் வராது.

எல்லாக் குறைக்கும் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. மூன்று பிஎஸ்ஐ குறைந்திருந்தால் நிரப்பிக்கொண்டு போகலாம், ஒரு பல்பு போனால் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் வீக்கம் இருந்தாலோ, கம்பி தெரிந்தாலோ, பிரேக் பெடல் கால் வைத்ததும் இறங்கிக்கொண்டே போனாலோ, சக்கரத்தின் உட்புறம் ஆயில் ஒழுகியிருந்தாலோ, மெக்கானிக் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் கூடாது. டயர் என்றால் ஸ்டெப்னியை மாற்றுங்கள். மாற்றும் முன் ஸ்டெப்னியிலும் காற்றை அளந்துகொள்ளுங்கள். பிரேக் என்றால் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள், அல்லது வண்டியைத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாலையோர உதவியைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அது உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்பதையும் இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடலாம்.